படிக்காமல் விட்ட கடைசி வரி

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "அவசரக்குடுக்கை" என்பார்கள். அவர்களும் அவசரத்தில் இருந்தால் வெறும் "குடுக்கை".

பெயர் சும்மா வரவில்லை. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே பல் தேய்ப்பாள். கதைப் புத்தகத்தை எடுத்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். வேடிக்கை என்னவென்றால், செய்கிற வேலையில் மட்டும் கடைசி வரியை அவள் படித்ததே இல்லை.

அம்மா கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, டப்பா டப்பாவாகத் திருகாணிகள், அவ்வளவுதான். அலமாரியின் கீழ்த்தட்டில் திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அம்மாவின் சர்வர். யாராவது எங்கிருந்தோ அதன் இணைய முகவரியைத் தட்டினால், கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். அந்த வேலைக்குத் திரை எதற்கு?

குடுக்கையின் வகுப்பு ஒரு வலைப்பூ தொடங்க முடிவு செய்திருந்தது. கதை, படம், விடுகதை எல்லாம் தயார். 'ஜன்னலோரம்' என்று பெயரும் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வரும்போது பெரிய திரையில் காட்ட வேண்டும்.

"எங்கம்மா கடையில சர்வர் இருக்கு டீச்சர்! நானே போட்டுத் தரேன்!" என்று முதலில் எழுந்து நின்றது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று மாலை அம்மா ஒரு மென்பொருளைக் காட்டினார். "இதைப் போடு. ரொம்பச் சின்னது. இந்தக் கிழட்டுப் பெட்டி இதைத்தான் தாங்கும்."

"என்ன விலைம்மா?"

"விலையே இல்ல. யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கோங்க, பிரிச்சுப் பாருங்க, வேணும்னா மாத்திக்கோங்கன்னு பொதுவுல வச்சிருக்காங்க."

"யாரும்மா?"

"முகம் தெரியாதவங்கதான்."

"ரொம்ப நல்லவங்களா இருப்பாங்க போல!"

"எப்படிப் போடணும்னும் எழுதி வச்சிருக்காங்க. முழுசாப் படி. பதறாத காரியம்…"

"சிதறாது! தெரியும்மா!"

குடுக்கை மளமளவென்று வேலையில் இறங்கினாள். சர்வரில் ஓர் இடம் ஒதுக்கினாள். மென்பொருளை இறக்கி, சுருக்கி வைத்திருந்த கோப்புகளைப் பிரித்தாள். எல்லாவற்றையும் அந்த இடத்தில் நகலெடுத்தாள். எழுதுவதைச் சேமித்து வைக்கும் கோப்புறைக்கு அனுமதி கொடுத்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் செய்தாள், நம்புங்கள். கடைசிக்கு முந்தைய வரி வரைக்கும்.

"முடிஞ்சிருச்சு!" என்று துள்ளிக் குதித்துத் தொலைபேசியை எடுத்தாள்.

அவள் கூப்பிட்டது வாயாடியை. வாயாடி அவளுடைய உயிர்த்தோழி. மிதிவண்டியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தாள். முதல் வாரம் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் பரீட்சை வந்தது, மழை வந்தது, போகிறவர்கள் குறைந்துபோனார்கள். குடுக்கையும் போகவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள் இப்படிப் பேச ஆளில்லாமல் கிடக்கிறாளே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு கேட்காது.

"ஏய், ஒரு முகவரி சொல்றேன், எழுதிக்கோ. நீதான் முதல்ல பாக்கணும். இன்னும் யாருக்கும் சொல்லல!"

"என்னடி அது?"

"பாரு, தெரியும்!" டக். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை குடுக்கை வகுப்பில் முகவரியைச் சொன்னாள். ஆசிரியை கணினி அறையில் அதைத் திறந்தார். வகுப்பே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தது.

திரையில் பெரிய எழுத்தில் 'மோட்டுவளை' என்று இருந்தது. கீழே, 'ஆரம்பித்துவிட்டேன்! சாயங்காலம் எழுதுகிறேன்!' என்று ஒரே ஒரு வரி.

"மோட்டுவளையா? நாம 'ஜன்னலோரம்'னுதானே வச்சோம்?" என்றார் ஆசிரியை.

"திருட்டு! யாரோ திருடிட்டாங்க டீச்சர்!" என்று எழுந்தான் வகுப்புத் தலைவன். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவனுக்குச் 'சட்டம்' என்றே பெயர். அன்று காலைதான் வலைப்பூவின் முகவரியை வண்ணத்தில் எழுதி ஒரு பெரிய சுவரொட்டி செய்து முடித்திருந்தான். "முதல் கோணல் முற்றும் கோணல்னு நான் அப்பவே சொன்னேன்!"

"நீ எப்போ சொன்ன?" என்றார் ஆசிரியை.

"மனசுக்குள்ள சொன்னேன்."

எல்லோரும் குடுக்கையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் அம்மா விஷயத்தைக் கேட்டார். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசி வரியைப் படிச்சியா?"

குடுக்கை இப்போது படித்தாள். 'நகலெடுத்து முடித்ததும், வேறு யாரும் வருவதற்குள் நீங்களே முகவரியைத் திறந்து, வலைப்பூவுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். முதலில் வருபவரே உரிமையாளர்.'

முதலில் வந்தவள் யார்? 'நீதான் முதல்ல பாக்கணும்' என்று சொன்னவள் யார்? குடுக்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே. பெட்டி நம்மகிட்டதானே இருக்கு? பெயரும் கடவுச்சொல்லும் இருக்கிற இந்த ஒரு கோப்பை அழிச்சிட்டா, மறுபடியும் புதுசா பேர் கேக்கும். இந்தத் தடவை நீ முதல்ல போ" என்றார் அம்மா. அதற்குள் யாரோ ஒருவர் வேலை செய்யாத விசைப்பலகையோடு வந்துவிட, அம்மா எழுந்து போனார்.

ஒரே ஒரு விசை. அழுத்தினால் வகுப்புக்கு வலைப்பூ திரும்பக் கிடைத்துவிடும். குடுக்கை விரலைக் கொண்டுபோனாள். பிறகு, அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று பக்கத்தைத் திறந்தாள். வாயாடி சொன்னபடி எழுதியிருந்தாள்.

'வணக்கம். இந்த வலைப்பூவை என் தோழி எனக்காகக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். நேற்று அவள் சொன்ன முகவரியைத் திறந்தேன். "வணக்கம்! இந்த வலைப்பூ உங்களுடையது. என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுப் போட்ட நாளிலிருந்து "வலிக்குதா?", "மாத்திரை போட்டியா?" என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

'நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதனால் அதையே பெயராக வைத்துவிட்டேன். என் மோட்டுவளையில் ஒரு கறை இருக்கிறது. காலையில் பார்த்தால் முயல். சாயங்காலம் பார்த்தால் எங்கள் தலைமையாசிரியர்.'

குடுக்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் கடைசி வரியைப் படித்தாள்.

'என் தோழி எப்போதும் அவசரத்தில்தான் இருப்பாள். ஆனாலும் எனக்காக இதைச் செய்ய அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது.'

எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. குடுக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

"அழிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார்.

"அம்மா, இந்த மென்பொருள் எவ்வளவு பெருசு?"

"நீ நேத்து எடுத்த பூனைப் படத்தைவிடச் சின்னது. ஏன்?"

"அப்படின்னா இதே பெட்டியில இன்னொண்ணு போடலாமா?"

"இன்னொண்ணென்ன, இருபது போடலாம்" என்ற அம்மா, மகளின் முகத்தைப் பார்த்தார். திரையையும் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்காமல் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

குடுக்கை பழைய முகவரிக்குள்ளேயே 'ஜன்னலோரம்' என்று இன்னோர் இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தானே முதல் ஆளாக உள்ளே போய், 'ஜன்னலோரம்' என்று தட்டினாள்.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாருக்கும் பெரிதாகக் கோபம் வரவில்லை, ஒருவனைத் தவிர.

"அதெப்படி? பழைய முகவரிதானே நம்மளோடது! நான் சுவரொட்டியே எழுதிட்டேன். சட்டப்படி பாத்தா…"

"சட்டப்படி அப்புறம் பாக்கலாம். முதல்ல இதைப் படி" என்று குடுக்கை மோட்டுவளையைத் திறந்து காட்டினாள்.

சட்டம் படித்தான். முயல் வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டான். தலைமையாசிரியர் வந்த இடத்தில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"நானும் அவளைப் போய்ப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றான் மெதுவாக. அப்புறம் தூரிகையை எடுத்துக்கொண்டு சுவரொட்டியிடம் போனான்.

பழைய முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஜன்னலோரம்' என்ற சொல்லும் சேர்க்க வேண்டும். ஆனால் தாளில் இடம் எங்கே? எழுத்துகள் ஓரம் வரைக்கும் போய், வளைந்து, வால் மாதிரி கீழே இறங்கின.

"இதுக்குச் சட்டத்துல இடமிருக்கா?" என்று கேட்டாள் குடுக்கை.

"சட்டத்துல இருக்கு. தாள்லதான் இல்ல."

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் 'ஜன்னலோர'த்தைப் பார்த்தார்கள். அதன் ஓரத்தில் 'எங்கள் பக்கத்து வீடு: மோட்டுவளை' என்று ஒரு சுட்டி இருந்தது. அதையும் தட்டினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மோட்டுவளையில் பின்னூட்டங்கள் குவிந்துவிட்டன. அதில் ஒன்று, 'அந்தக் கறைக்கு மூக்குக்கண்ணாடி உண்டா? இப்படிக்கு, தலைமையாசிரியர்.'

குடுக்கை நேராக வாயாடி வீட்டுக்குப் போனாள். வாயாடி கட்டிலில் சாய்ந்து, கையில் கைப்பேசியோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"எல்லாரும் பழம் வாங்கிட்டு வந்தாங்க. நீ ஒருத்திதான்டி எனக்கு வீடே கட்டிக் குடுத்திருக்க!"

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் குடுக்கையால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அது… உனக்குன்னு பண்ணது இல்ல. வகுப்புக்காகப் பண்ணேன். கடைசி வரியைப் படிக்காம விட்டுட்டேன். அதான் உன்னை ஓனராக்கிடுச்சு."

வாயாடி கைப்பேசியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது பழக்கமில்லாத விஷயம்.

"அப்போ அந்த ஜன்னலோரம்?" என்று கேட்டாள்.

"அது ரெண்டாவதாப் போட்டது."

"ஏன்? என்னோடதை அழிச்சிருக்கலாமே?"

"அழிக்கத்தான் போனேன். அதுக்குள்ள நீ எழுதினதைப் படிச்சிட்டேன்."

"எதுவரைக்கும் படிச்ச?"

"கடைசி வரி வரைக்கும்."

வாயாடி கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்தி, கட்டிலில் இடம் பண்ணினாள்.

"அப்போ இது எனக்குத்தான். வா, வந்து உக்காரு. நாளைக்கு என்ன எழுதலாம்னு சொல்லு. நிறைய இருக்கு, நேரம் இருக்கா?"

குடுக்கை இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.