நீலக் காரின் எட்டரை வினாடி

காலை 10.10. நீலக் காரின் வேகப்பதிவு அட்டையைக் காணவில்லை.

மூன்று கம்பெனிகளின் கார்களில் எது நூறு கிலோமீட்டர் வேகத்தைச் சீக்கிரம் எட்டுகிறது என்று ஒப்பிடும் சோதனைக்கூடம் அது. பதினொரு மணிக்கு அறிக்கை போயாக வேண்டும்.

"கடைசியா வண்டிய ஓட்டினது உங்க அண்ணன். பதினொண்ணுக்குள்ள அட்டை வரலேன்னா அவர் வேலை போச்சு," என்றார் மேலாளர் கணக்குக்காரியிடம்.

எஞ்சின்களைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. தடத்தில் ஓட்டுவது அண்ணன். அவள் கணக்கில் வெள்ளைக் காருக்கு எட்டரை வினாடி, நீலத்துக்குப் பத்தரை. நேரம் குறிக்கும் குறிப்பாளர் எழுதிக் கொடுத்த தாளிலோ இரண்டுக்குமே எட்டரை.

10.25. அண்ணனைத் தனியே பிடித்தாள்.

"அட்டைய என்னண்ணா பண்ணின?"

"குறிப்பாளர்கிட்ட குடுத்துட்டேன். என்னையே சந்தேகப்படுறியா?"

அவள் குறிப்பாளரைத் தேடி நடந்தாள்.

10.35. குறிப்பாளர் அசரவில்லை.

"எங்கிட்ட யாரும் தரல."

"நீங்க வண்டியில இருந்தீங்களா?"

"பக்கத்து சீட்டுலதான். என்னா இழுப்பு! ரெண்டாவது கியர்லயே நூறைத் தொட்டுச்சு. உங்க கணக்குதான் சொதப்பல்."

சொதப்பலாகவே இருந்தால்? எஞ்சின் அட்டவணையைப் புரட்டினாள். நீலக் காரின் வரியில் விரல் நின்றது.

10.45. "சார், அட்டைய மறைச்சது இவர்தான். நீல எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல சுத்தாது. ரெண்டாவது கியர்ல அது தொண்ணூத்திரண்டு கிலோமீட்டர்தான். மூணாவது போடாம நூறு வரவே வராது. ரெண்டாவதுல நூறைத் தொடுறது வெள்ளைக் கார். அதோட நேரத்தையும் கதையையும் தூக்கி நீலத்துக்கு வெச்சுட்டார். அட்டை இருந்தா பொய் வெளியாயிடும்."

"கணக்கக் காட்டி என்னைத் திருடனாக்குறீங்களா?" என்று குதித்தார் குறிப்பாளர்.

மேலாளர் சாவியை எடுத்தார். "வாங்க, ஓட்டிப் பார்த்துடுவோம்."

10.53. மேலாளர் ஓட்ட, குறிப்பாளர் பக்கத்து சீட்டில். அண்ணனும் தங்கையும் பின்னால். இரண்டாவது கியர். எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டில் எஞ்சின் திணறியது. மேலாளர் மிதித்த காலை எடுக்கவில்லை. முள் நகரவில்லை. தடத்தின் கடைசி வளைவு நெருங்கியது.

"போதும் சார், நிறுத்துங்க!" குறிப்பாளர் காலுறைக்குள்ளிருந்து அட்டையை உருவினார். "நீலக் கார் கம்பெனியில வேலை தர்றேன்னாங்க..."

அட்டையில் பத்தரை வினாடி. அவள் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுடுண்ணா."

அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்தபடி இருந்தான்.

"கணக்கு சரியா வரலேன்னா, என்னை நம்பியிருப்பியா?"