திரை போட்ட பிளிமத்

லாரியிலிருந்து அந்தக் காரை இறக்கும்போது பேட்டையில் பாதித் தெரு வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. திசையன்விளையில் ஒரு குடோனுக்குள், தேங்காய் மட்டைகளுக்கு நடுவே பல காலம் கிடந்த அமெரிக்க பிளிமத். முன்பக்கத்து நிக்கல் கிரில்லின் பல்வரிசை துருப்பிடித்து, ஒரு விளக்கு உடைந்து, கூரை முழுக்கக் கோழி எச்சம். அப்படியும் அதன் தோரணை போகவில்லை. நொடித்துப்போன பெரிய மனுசன் பந்தியில் வந்து உட்காருவதைப் போல, காற்றில்லாத டயர்களோடு கம்பீரமாகத்தான் இறங்கியது.

"அப்ரார் தம்பி, ஒங்கையில குடுத்துட்டேன். மவன் நிக்காஹுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் இதுலதான். வாப்பா வாங்குனப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வேணும்" என்றார் கனி அண்ணாச்சி. திசையன்விளையில் மொத்த வியாபாரம் செய்கிறவர்.

அப்ராருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் பட்டறைக்கு வருவதெல்லாம் அடிபட்ட லோடு ஆட்டோவும் நசுங்கிய மினி வேனும்தான். இப்படி ஒரு வண்டி கையில் கிடைக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே அவன் மனைவி ஹம்னா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வருசக்கணக்கில் ஏங்கி, உண்டானதெல்லாம் தங்காமல் போய், இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது. தாயும் பிள்ளையும் பத்திரமாக வேண்டும் என்பதைத் தவிர அவனிடம் அப்போது வேறு துஆ கிடையாது.

கதவைத் திறந்து காட்டினார் அண்ணாச்சி. பின்சீட்டைச் சுற்றிப் பித்தளைக் கம்பிகள் ஓடின. ஜன்னல்களுக்கு மேலே மட்டுமில்லை, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடையிலும் ஒன்று.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"திரை போடுததுக்கு. எங்க வீட்டுப் பொம்பளையாளுவ வெளியாளுக்கு மொகம் காட்ட மாட்டாவ. டிரைவர்கிட்ட சத்தமும் குடுக்க மாட்டாவ. அவன் சீட்டு முதுகுல ஒரு தட்டு தட்டுனா நிப்பாட்டணும். ரெண்டு தட்டுனா எடுக்கணும். திரும்பிப் பாக்கவும் கூடாது, என்னன்னு கேக்கவும் கூடாது. அப்பத்த மரியாத அதுதான் வே." அண்ணாச்சி பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். பின்சீட்டை மட்டும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. அப்ரார் அதை அப்போது கவனிக்கவில்லை.

வேலை ஜரூராக நடந்தது. தகரத்தைத் தட்டி நேராக்கி, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்தார்கள். டிரைவர் சீட்டின் பழைய உறையைப் பிரித்தபோது முதுகுப் பலகை வெளியே வந்தது. அதில் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, மரம் குழிந்து நார் நாராகக் கிடந்தது. யாரோ முட்டியை மடக்கிக் குத்திக் குத்தியே குழித்தது மாதிரி. அந்தக் குழிக்குள் கறுத்து உலர்ந்த ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. அப்ரார் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு அடித்தான்.

எத்தனை தடவை கழுவினாலும் பின்சீட்டில் ஒரு வாடை மட்டும் போகவில்லை. ஈரத்தில் ஊறிய தேங்காய் நார் வாடை. அதற்கு அடியில், மூக்கை வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பச்சை ரத்தம்.

பெயிண்டர் சுடலையாண்டி வாய் ஓயாத மனிதர். செத்த வீட்டிலும் சிரிக்க வைப்பார். ஒரு மத்தியானம் காருக்குள் குனிந்து பழைய பெயிண்ட் பிசிறை வழித்துக்கொண்டிருந்தவர், வெளியே வந்து கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ரார், உள்ள யாரும் இருக்காவளா?"

"யாரு இருக்கா? என்னவே, வெயில் தலைக்கேறிட்டா?"

"பின்னால இருந்து தட்டுனாவ. ஒரே ஒரு தட்டு." சுடலையாண்டி சிரிக்கவில்லை. "வேற எந்த வண்டின்னாலும் கூப்பிடு, வாரேன். இதுக்குள்ள இனிமே நான் கால் வைக்க மாட்டேன்."

அப்ரார் அவரைக் கேலி செய்துதான் அனுப்பினான். பெயிண்ட் வேலையைத் தானே முடித்தான். பித்தளைக் கம்பிகளைப் புளி போட்டுத் தேய்த்து, பச்சைத் துணியில் திரை தைத்து மாட்டினான். வண்டி அசல் மணப்பெண்தான். ஹம்னா வாசலில் நின்று பார்த்து, "மச்சான், பிள்ளைய இதுல கூட்டிட்டு வருவமா?" என்று கேட்டாள். அவனுக்கு அந்த நேரம் அதைவிட நல்ல யோசனை உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை சேரன்மகாதேவி சாலையில் ஓட்டிப் பார்த்தான். எஞ்சின் வெண்ணெயாக ஓடியது. இரண்டு பக்கமும் வயல், மழை கட்டிக்கொண்டிருந்த வானம். சீட்டி அடித்துக்கொண்டு போனான்.

தட்.

அவன் முதுகுக்குப் பின்னால். புதுப் பலகையில்.

எஞ்சின் அணைந்தது. வண்டி தானாக ஓரத்தில் போய் நின்றது.

அவன் கண்ணாடியில் பார்த்தான். பச்சைத் திரை அசையவில்லை. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினான். உயிரில்லை. இறங்கி பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் வருகிறதா, பேட்டரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தபோது அந்த வாடை முன்சீட்டுக்கு வந்திருந்தது.

தட். தட்.

பொத்தானில் விரல் பட்டதுமே எஞ்சின் எடுத்தது.

பட்டறைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. வந்ததும் கனி அண்ணாச்சிக்குப் போன் போட்டான். சாலையில் நடந்ததைச் சொல்லி, இந்த வண்டியில் என்னதான் நடந்தது என்று கேட்டான்.

"வாப்பாவுக்கு மூத்த பொஞ்சாதி ஒருத்தங்க இருந்தாவ, தம்பி. மஹ்மூதா பீவி. தலைப்பிரசவம். வலி வந்து, இந்த வண்டியிலதான் பாளையங்கோட்டைக்கு ஏத்தி விட்டாவ. ஜேசுதாசன்னு உவரிக்காரர் டிரைவரு. தங்கமான மனுசன். கூட ஏற வேண்டிய பொம்பள ஆளு வர நேரமாவுதுன்னு தனியாவே அனுப்பிட்டாவ." குரல் தாழ்ந்தது. "வலி பொறுக்காம முன்சீட்டுல குத்தியிருக்காவ. அவரு தட்டுதாவன்னு நிப்பாட்டியிருக்காரு. திரும்பிப் பாக்காம, கேக்காம, ரெண்டு தட்டுக்குக் காத்திருக்காரு. கொஞ்சம் கழிச்சு வலி மறுபடி வந்து குத்துவாவ. அது ரெண்டாவது தட்டுன்னு எடுப்பாரு. திரும்பக் குத்துனா நிப்பாட்டுவாரு. மூலைக்கரைப்பட்டி தாண்டி ஒரு எடத்துல நிப்பாட்டுனவரு, ரொம்ப நேரம் காத்தே இருந்திருக்காரு. தட்டே வரல. தாயும் பிள்ளையும் திரைக்குள்ளயே மவுத்து."

"இத மொதல்லயே சொல்லப்புடாதா அண்ணாச்சி? வீட்டுல பிள்ளத்தாச்சிய வச்சுருக்கேன்."

"சொன்னா யாரு வண்டியத் தொடுவா?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான், அவருடைய நியாயம். வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

மழை அவரை வரவிடவில்லை. ராத்திரி பிடித்த மழை மறுநாள் விடிந்த பிறகும் விடியாத மாதிரியே கொட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் தண்ணீர். முற்பகலில் ஹம்னா வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"மச்சான், பனிக்குடம் ஒடஞ்சுட்டு."

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் உம்மா பத்தமடையில், ரோடு வெள்ளத்தில் அடைபட்டுக் கிடந்தது. தெரிந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் இந்த வெள்ளத்தில் வண்டி இறங்காது என்றார்கள். ஆம்புலன்ஸ் சுற்றி வர வேண்டும், நேரமாகும். ஹம்னா சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்தாள். அவள் கால் வழியே இறங்கியது வெறும் நீர் மட்டுமில்லை.

பட்டறையில் ஓடுகிற நிலைமையில் ஒரே வண்டிதான் நின்றது. எந்த வெள்ளத்துக்கும் மேலே நிற்கிற உயரத்தில், பளபளவென்று.

அவன் பிஸ்மி சொல்லி அவளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தான். திரையைப் பிய்த்து எறியப் பார்த்தான். தன் கையால் மாட்டிய துணிதான், இழுத்தால் கம்பியை விட்டு வரவில்லை. இழுபடவும் இல்லை. நின்று மல்லுக்கட்ட நேரமில்லை.

டவுன் வரைக்கும் ஒன்றுமில்லை. ரத வீதிகளில் சக்கரம் மூழ்கத் தண்ணீர். பிளிமத் படகாகப் போனது. ஹம்னா பல்லைக் கடித்துக்கொண்டு ஓதுவது கேட்டது. மேம்பாலம் ஏறி இறங்கியதும் அவள் வீறிட்டாள்.

தட்.

வண்டி நின்றது.

"ஹம்னா! தட்டாத! என்ன ஆனாலும் தட்டாத!"

"நான் தட்டல மச்சான்" என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இங்கன எடம் பத்தல. என் கால் மேல யாரோ..."

தட். தட்.

எஞ்சின் எடுத்தது. அவன் மிதித்தான். ஜங்ஷனைத் தாண்டினான். ஆற்றுப்பாலம் வந்தது. கீழே தாமிரபரணி கரையைக் காணாமல் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபங்களின் தலை மட்டும் தெரிந்தது. பாலத்தின் நட்டநடுவில்,

தட்.

நின்றது.

முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. மழைச் சத்தம், ஆற்றுச் சத்தம். ஹம்னாவின் சத்தம் மட்டும் இல்லை.

பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. காத்திருந்தான். இரண்டு தட்டு வரவில்லை. அந்த உவரிக்காரர் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தான்.

அவன் திரும்பினான். திரையை விலக்கினான்; இந்தத் தடவை அது விலகியது.

ஹம்னா கண் செருகிக் கிடந்தாள். அவள் இரண்டு கையும் தலைக்கு மேலே கதவுக் கைப்பிடியைப் பற்றியிருந்தன. அவள் கால்மாட்டில், புது உறை போட்ட சீட்டு பள்ளமாக அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு. அந்தப் பள்ளத்தில் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

ஓடவும் முடியாது, ஓதவும் வாய் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"உம்மா... மஹ்மூதா பீவிம்மா... ரெண்டு தட்டு தட்டுங்கம்மா. ஒங்களயும் கூட்டிட்டுப் போயிருதேன். ஆஸ்பத்திரி பக்கம்தான். ஒங்களயும் கொண்டு சேத்துருதேன். அல்லா மேல ஆணை."

திரை அவன் கையிலிருந்து பைய நழுவி மூடிக்கொண்டது.

தட்.

அவன் பொத்தானில் விரலை வைத்தான்.

தட்.

அதன்பிறகு பாளையங்கோட்டை வரை எதுவும் தட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கிறிஸ்டியும் ஆட்களும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து ஹம்னாவை இறக்கிக்கொண்டு போனார்கள். அப்ரார் பின்னாலேயே ஓடியவன், படியில் நின்றான். ஆணையிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"ஆஸ்பத்திரி வந்துட்டும்மா. எறங்குங்க."

சீட்டின் ஸ்பிரிங் முனகி மேலே எழும்பியது. அவன் கையைக் குளிர் ஒன்று உரசிக்கொண்டு படியேறிப் போனது.

சாயங்காலம் பிள்ளை பிறந்தது. பெண். தாய்க்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோது அப்ரார் அங்கேயே தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்து அழுதான். அன்றைக்கு அவனைவிடச் சந்தோஷமான மனிதன் அந்த ஊரில் இல்லை.

வார்டில் ஹம்னாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புத் தொட்டிலில் பிள்ளை கிடந்து வீறிட்டது. "நல்ல தொண்ட" என்று சிரித்தாள் கிறிஸ்டி.

தட்.

தொட்டில் கம்பியில்.

அழுகை நின்றது. பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் மட்டும் பாதியில் அறுந்திருந்தது.

"பாத்தியளா, அதுக்குள்ள ஒறங்கிட்டா" என்றாள் கிறிஸ்டி மருந்து எடுத்துக்கொண்டே. அப்ரார் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தான். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கத்தப் போனான்.

தட். தட்.

விட்ட இடத்திலிருந்து அழுகை தொடர்ந்தது.

"மச்சான்" என்றாள் ஹம்னா அசதியாக. "பக்கத்துக் கட்டிலுக்கு ஆளு வந்திருக்காவளா? நான் முழிக்கும்போதே திரை போட்டிருந்துச்சு."

"அங்கன யாரும் இல்லக்கா. காலிக் கட்டிலுதான். எவ இழுத்து விட்டாளோ" என்றபடி கிறிஸ்டி வெளியே போனாள்.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஆஸ்பத்திரித் திரை தொங்கியது. அதன் அடியில் ஈர நார் வாடை அடித்தது. அப்ரார் எழுந்து போய், அதை விலக்கக் கை நீட்டினான். துணியில் விரல் பட்டது.

தட்.

அவன் முதுகுக்குப் பின்னால் பிள்ளையின் அழுகை நின்றது.

அவன் கையை எடுத்தான். திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். ஒன்றும் கேட்காமல், அசையாமல், இரண்டு தட்டுக்காகக் காத்து நின்றான்.