எட்டாவது தூண்

நுஸ்ஹாவின் வகுப்பு ஒரு தகரக் கொட்டிலில் நடந்தது. பத்து மணிக்கே தகரம் சூடேறிவிடும். பன்னிரண்டு மணியானால் ஆறாம் தரத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிடுவார்கள்.

ஆனாலும் யாரும் பெரிதாக முறையிடவில்லை. கொட்டிலுக்குப் பக்கத்திலேயே புதிய மாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. லீவு முடிந்ததும் மேல்மாடி ஆறாம் தரத்துக்கு. கீழ்மாடி முதலாம் தரத்துக்கு. நுஸ்ஹாவின் தம்பி அஸ்கி முதலாம் தரத்தில் படித்தான்.

அந்தக் கட்டிடத்தின் மேசன் அவர்களுடைய வாப்பா இப்றாஹிம். நிந்தவூரில் அவருடைய கைபடாத தெரு குறைவு. "எங்கட வாப்பா கட்டின சுவர்ல பல்லி கூட வழுக்கி விழும்" என்று அஸ்கி எல்லோரிடமும் சொல்லித் திரிவான்.

ஒரு புதன்கிழமை இடைவேளை நேரத்தில் பரிசோதனை செய்யும் உத்தியோகத்தர் வந்தார். சுலக்சனா என்று பெயர். அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் டோர்ச் லைட் மாதிரி ஒரு கருவி இருந்தது. பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்க்கலாம் என்று அதிபர் அனுமதி கொடுத்தார்.

சுலக்சனா முதல் தூணைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்தார். சோக்கால் ஒரு சதுரம் கீறினார். கருவியின் முனையைத் தூணில் வைத்து மெல்ல அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம்.

"மிஸ், அது என்ன செய்யுது?" என்று கேட்டாள் நுஸ்ஹா.

"உள்ள ஒரு சுத்தியல் இருக்கு. அது அடிச்சிட்டுத் திரும்பித் துள்ளும். கொங்கிரீட் பலமெண்டா நல்லாத் துள்ளும், பெரிய நம்பர் காட்டும். பலமில்லாட்டிச் சோம்பேறி மாதிரிக் கொஞ்சம்தான் துள்ளும்."

நுஸ்ஹாவின் நண்பன் றிஸ்மி தலையைச் சொறிந்தான். "அப்ப எங்கட கணக்கு சேர்ட மண்டைல வச்சா எத்தினை காட்டும்?"

சுலக்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த இடத்தில் அழுத்தினார். ஒவ்வொரு தூணிலும் பத்துத் தடவை. முப்பத்துநாலு. முப்பத்தாறு. முப்பத்துமூன்று. ஏழு தூண்களும் நல்ல எண்களே காட்டின. கட்டிட வேலையைக் கொந்தராத்து எடுத்திருந்த முஹ்ஸின் முதலாளி, ஒவ்வொரு எண்ணுக்கும் தானே பரீட்சை எழுதியவர் போலத் தலையாட்டினார்.

எட்டாவது தூண் பின்மூலையில் இருந்தது. அதைச் சுற்றிப் பழைய மேசைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

"அது வேணாம் மிஸ். எல்லாம் ஒரே நாளில போட்ட தூண்தான்" என்றார் முஹ்ஸின்.

சுலக்சனா மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்ததாக அக்கரைப்பற்றுக்குப் போக வேண்டியிருந்தது.

நுஸ்ஹாவுக்கு உண்மை தெரியும். அது ஒரே நாளில் போட்ட தூண் இல்லை. மற்றத் தூண்கள் போட்டுப் பத்து நாள் கழித்து, ஒரு மழை நாளில் போட்டது. அன்று அவள்தான் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனாள். "கலவைக்கு இதுக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது முதலாளி" என்று வாப்பா சொன்னார். "ஊத்து இப்றாஹிம். கெதியா முடி. இறுகினா எல்லாம் ஒண்டுதான்" என்றார் முஹ்ஸின். வாப்பா ஊற்றினார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மேசைகள் நேற்று வரை பள்ளிக்கூட முற்றத்தில்தான் கிடந்தன. இன்று காலை வாப்பா தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஓரமாக நின்ற வாப்பாவிடம் அவள் போனாள். "வாப்பா, அந்தத் தூண்..."

"வகுப்புக்குப் போ, மகள்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி நடந்தாள். கட்டிடத்து வாசலில் முதலாம் தரத்துப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்து மாரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். அஸ்கியின் வாயெல்லாம் பிஸ்கட் தூள். அக்காவைக் கண்டதும் பல்லைக் காட்டினான்.

நுஸ்ஹா நின்றாள்.

"றிஸ்மி, ஒரு மேசை தூக்க வாறயா?"

"என்னத்துக்கு?"

"நாம மூணு மூணு பேரா ஒரு மேசைல இரிக்கமே."

இருவரும் எட்டாவது தூணடிக்குப் போய், மேலேயிருந்த மேசையை இறக்கினார்கள்.

"ஏய் புள்ள, அத வை" என்று முஹ்ஸின் அதட்டினார்.

"எங்கட வகுப்புக்கு மேசை காணாது" என்றாள் நுஸ்ஹா. அவள் மேசையைக் கீழே வைக்கவில்லை.

"நல்லதுதானே, எடுக்கட்டும்" என்றார் அதிபர். ஒரு மாதமாகப் புது மேசை கேட்டுக் கடிதம் எழுதிக் களைத்துப் போன அவருக்கு இப்போது பழையதும் போதும்.

அதற்குப் பிறகு ஆறாம் தரம் முழுவதும் ஓடி வந்தது. எறும்பு சீனியைத் தூக்குகிற மாதிரி மேசைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிடத்தில் தூண் வெளியே தெரிந்தது.

"இப்ப இடம் இருக்கே" என்றார் சுலக்சனா.

டக். பத்தொன்பது. டக். பதினேழு. அவர் கருவியை எடுத்துப் பார்த்தார். ஏழாவது தூணுக்குப் போய் ஒரு தடவை அழுத்தினார். முப்பத்துநாலு. திரும்பி வந்தார். டக். பதினெட்டு.

சுலக்சனா முஹ்ஸினைத் திரும்பிப் பார்த்தார்.

"மேசன் தண்ணிய அளவுக்கு மிஞ்சி ஊத்தி இருப்பான் மிஸ். நான் எந்த நேரமும் நிக்க ஏலுமா?" என்றார் முஹ்ஸின்.

வாப்பா தலையை நிமிர்த்தினார். "ஊத்தினது நான்தான். ஊத்தச் சொன்னது நீங்க. மேசையை அடுக்கச் சொன்னதும் நீங்க, அடுக்கினதும் நான்தான்."

அன்றைக்கே வேலை நின்றது. தூணைத் துளைத்து எடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கேயும் அதே பதில்தான். தூணை உடைக்க வேண்டும். முஹ்ஸினிடமிருந்து கொந்தராத்தைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர் வாப்பாவை வேலைக்கு எடுக்கவில்லை.

லீவு முடிந்தும் ஆறாம் தரம் தகரக் கொட்டிலிலேயே இருந்தது. "உன்னாலதான்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். றிஸ்மி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவனும் பகிடி விடவில்லை.

வாப்பா சொறிக்கல்முனைப் பக்கம் சில்லறை வேலைக்குப் போய் வந்தார். நுஸ்ஹாவோடு கதைக்கவில்லை. அவளும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். உம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

தூணை உடைத்த நேரம் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. நுஸ்ஹா வேலியோரம் நின்று பார்த்தாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. வாப்பா.

மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஓர் ஆள் சுத்தியலால் அடித்தான். நாலாவது அடியில் ஒரு பெரிய துண்டு கழன்று வேலி வரை உருண்டு வந்தது. வாப்பா குனிந்து அதை எடுத்தார். பெருவிரலால் அழுத்தினார். அது மணலாக உதிர்ந்தது.

அவர் அந்த மணலை உள்ளங்கையில் ஏந்தி நுஸ்ஹாவிடம் காட்டினார்.

"அஸ்கிய இதுக்குக் கீழ இருத்தி இருப்பன்" என்றார். பிறகு, "வா, சோறு தின்ன" என்றார்.

வீட்டில் வாப்பா தனக்குப் பக்கத்தில் அவளுடைய தட்டை இழுத்து வைத்தார். பாரை மீன் தலையை எடுத்து அவளுடைய சோற்றில் வைத்தார். அது எப்போதும் அவருக்கு மட்டும் உரியது.

நுஸ்ஹாவுக்கு மீன் தலை பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு முள்ளை மட்டும் மிச்சம் வைத்தாள்.