பட்டியலில் இல்லாத கட்டுரை

தொலைபேசி அலறியது.

துனிசியா. ஸ்ஃபாக்ஸ் நகரின் மருத்துவக் கல்லூரி. காலை வகுப்பின் நடுவில் மருந்தியல் பேராசிரியை ஹாஜர் போனை எடுத்தாள். மறுமுனையில் அக்கா வீட்டு வேலைக்காரப் பெண். அவளுக்கு வார்த்தை வரவில்லை... அழுகைதான் வந்தது.

அக்கா நாயிலா குளியலறைத் தரையில் கிடந்தாள்.

நோய் நொடி அறியாத உடம்பு. இதயம் நின்றிருந்தது.

பிரேதப் பரிசோதனையில் இரண்டு மருந்துகள் தெரிந்தன. ஒன்று தலைவலிக்கு. இன்னொன்று தோல் படைக்கு. இரண்டையும் எழுதிக் கொடுத்தவர் கணவர். நகரின் பெரிய இதய நிபுணர்... பேராசிரியர் ஷெட்லி கர்சா!

அக்கா விவாகரத்து வழக்குப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஷெட்லி போலீஸ் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும் என்று உலகத்தில் எவனும் எழுதியதில்லை, வேண்டுமானால் தேடிப் பாருங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் நெஜிப் அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

ஹாஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கே தெரியாததுன்னா வேற யாருக்கும்மா தெரியும்?" என்றார் நெஜிப். "வெள்ளிக்கிழமை ஃபைலை மூடப் போறேன்."

"தெரியாதுன்னு சொல்றது அவர் வாய். வாயை நம்பி ஃபைலை மூடாதீங்க. நான் தேடறேன்."

தேடினாள்.

ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியங்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தாள். இரண்டு மருந்துகளின் பெயரையும் சேர்த்து அடித்தாள்.

பூஜ்யம்.

பிரெஞ்சில் அடித்தாள். பூஜ்யம்! 'இதயம்' சேர்த்தாள், 'திடீர் மரணம்' சேர்த்தாள். வேறு ஏதேதோ வந்தன. இரண்டு மருந்தும் ஒன்றாய் வரும் ஒரு வரி இல்லை.

ஷெட்லியின் பெயரைப் போட்டாள். வரிசையாய் வந்து விழுந்தன அவருடைய கட்டுரைகள். எல்லாம் இதயம், எல்லாம் பாரிஸ், எல்லாம் பெருமை. இந்த மருந்துகளைப் பற்றி மூச்சில்லை.

மேஜையை ஓங்கி அறைந்தாள். பக்கத்து அறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டதும் திரும்பிப் போனார்.

அந்தக் கோபத்திலேயே ஒரு விஷயம் உறைத்தது. தோல் மருந்துக்கு இன்றைய பெயர் வேறு... பழைய நாளில் வேறு! பழைய கட்டுரைக்குப் புதுப் பெயர் எப்படித் தெரியும்?

பழைய பெயரை அடித்தாள்.

ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று!

எப்போதோ நின்றுபோன அலெக்சாண்டிரியா மருத்துவப் பத்திரிகை. தலைப்பு மட்டும் இருந்தது. இரண்டு மருந்தும் சேரும்போது முயல்களின் இதயம் நிற்பது பற்றி.

எழுதியவர்: ஷாஸ்லி கர்சா.

ஹாஜர் நாற்காலியில் சாய்ந்தாள். அரபியில் அது ஒரே பெயர்தான். பிரெஞ்சு எழுத்தில் துனிசியாக்காரன் எழுதினால் ஷெட்லி. ஆங்கில எழுத்தில் எகிப்துக்காரன் எழுதினால் ஷாஸ்லி. மச்சான் இளவயதில் அலெக்சாண்டிரியாவில் படித்தவர்!

அங்கிருந்த தோழி ஒருத்தி நூலகத்தில் பழைய இதழைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து அனுப்பினாள். ஹாஜர் அதை வரி விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் அதை நெஜிப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. காவல் நிலையம்.

நெஜிப் கட்டுரையை மேஜையில் போட்டார். "தெரிஞ்சேதான் கொடுத்திருக்கீங்க. இது கொலை," என்றார்.

ஷெட்லி காபியில் சர்க்கரையைக் கலக்கினார். பதறவில்லை.

"ஷாஸ்லி கர்சான்னு எகிப்துல தெருவுக்கு நாலு பேர். அதுல எவனோ எழுதினதுக்கு நான் பொறுப்பா? என் கட்டுரைப் பட்டியலைப் பாருங்க, இது இருக்கா?"

இல்லை. நெஜிப் பரிதாபமாக ஹாஜரைப் பார்த்தார்.

ஹாஜர் பெருமூச்சு விட்டாள். "விட்டுடுங்க சார். இதை வெச்சு வழக்கு நிக்காது. படிச்சேன்... சுத்தப் பொய்."

கரண்டி நின்றது.

"முயலுக்கு மருந்து கொடுத்தேன்னு எழுதியிருக்கான். முயலை அவன் கறிக்கடையிலதான் பார்த்திருப்பான். எண்ணெல்லாம் வீட்ல உக்காந்து போட்டது. எவனோ அரைவேக்காடு. மச்சான் இதை எழுதியிருக்க மாட்டார்."

"நீ எத்தனை முயலைத் தொட்டிருக்க?" ஷெட்லியின் குரல் தாழ்ந்திருந்தது.

"இந்தக் குப்பையை இணையத்துலேர்ந்தே நீக்கச் சொல்லி எழுதப் போறேன்."

"குப்பையா?"

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. ஷெட்லியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"உனக்கு என்னடி தெரியும்? ஃபேன்கூட இல்லாத ரூம்ல, ஒவ்வொரு முயலையும் என் கையால தூக்கிப் பார்த்தவன் நான்! ஒரு எண்... ஒரே ஒரு எண் தப்புன்னு காட்டு பார்ப்போம்! ரெண்டும் சேர்ந்தா இதயம் நிக்கும்னு முதல்ல கண்டுபிடிச்சவனே நான்தான்..."

சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்டது.

நெஜிப் பேனா மூடியை நிதானமாகக் கழற்றினார். "அப்படியே திருப்பிச் சொல்லுங்க, பேராசிரியரே. எழுதிக்கறேன்."

ஷெட்லியை உள்ளே அழைத்துப் போன பிறகு, ஹாஜர் சுவரில் சாய்ந்து நின்றாள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"கட்டுரை நிஜமாவே பொய்யாம்மா?" என்று கேட்டார் நெஜிப்.

"இல்ல. ஒவ்வொரு எண்ணும் சரி. அருமையான வேலை. அதை ஊருக்குச் சொல்லியிருந்தா எத்தனையோ பேர் பிழைச்சிருப்பாங்க... என் அக்காவுக்காகப் பதுக்கி வெச்சிருந்திருக்கான் பாவி." முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன், மனுஷன் அசையலையே. உங்ககிட்ட மட்டும் எப்படிம்மா உடைஞ்சான்?"

"கொலைகாரன்னு சொன்னா வக்கீல் பார்த்துப்பாரு சார். கட்டுரை பொய்னு சொன்னா... பேராசிரியர் தானே வந்து ஆஜராவார்!"