கடைசி அரை மில்லி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியதும் என் கணவர் செங்குட்டுவன் மோர் கேட்டார். உப்பு பத்தவில்லை என்று சொல்லி இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். எங்கள் வாழ்க்கையில் எல்லாம் சரியாக இருந்த கடைசி மதியம் அது.

மாடி ஏற முடியாது என்பதால் நெய்வேலியிலேயே வேறு பிளாக்கில் அவருடைய சுரங்கக் கம்பெனியில் தரைத்தள குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு. புதிதாக வெள்ளையடித்தும், அந்தக் கோடை வெயிலிலும், உள்ளே ஈர மண் வாசனை அடித்தது.

அவருடைய மேல்கையில் மெல்லிய குழாய் ஒன்று தொங்கியது. அதன் மறுமுனை ரத்தக்குழாய் வழியே நெஞ்சுவரை போயிருந்தது. புற்றுநோய் மருந்தில் கடைசித் தவணை திங்கட்கிழமை. அதுவரை குழாய் அடைத்துக்கொள்ளாமல் தினமும் காலை பத்து மணிக்கு சிரிஞ்சால் உப்புநீர் செலுத்துவது என் பொறுப்பு.

நர்ஸ் தமிழ்நிலா வீட்டுக்கே வந்து காட்டினாள்.

"வுட்டு வுட்டுத் தள்ளுங்கக்கா. கடைசி அரை மில்லி இருக்கசொல்ல அழுத்திகினே குழா மேல இருக்கற கிளிப்பப் போடணும். விரல எடுத்துட்டுப் போட்டா ரத்தம் பின்னால ஏறி முனையில உறைஞ்சிக்கும். தள்ள முடியலன்னா மட்டும் பலவந்தம் பண்ணாதீங்க. கட்டி உள்ள போயிடும். உடனே எனக்கு போன் போடுங்க."

"எங்க மைன்ஸ் பம்பு கததான்," என்று அவர் சிரித்தார். "பம்ப நிறுத்துனா அடித் தண்ணி மேல ஏறிடும். இருவது வருஷம் நான் பாத்த டூட்டி, இனிமே பிரபாவதி பாக்கட்டும்."

"பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டாங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழம வரைக்கும் கான்ட்ராக்ட்."

வியாழக்கிழமை சரியாகத்தான் செய்தேன். அழுத்தியபடியே கிளிப்பைப் போட்டேன். சிரிஞ்சைக் கழற்றி மூடியை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

டிக்.

திரும்பி வந்து பார்த்தால் கிளிப் திறந்திருந்தது. குழாயில் சிவப்பாக ஒரு நூல் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி செலுத்தினேன்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே.

சனிக்கிழமை கிளிப்பின் மேல் பிளாஸ்திரி சுற்றினேன். அறைக்குள் மண் வாசனை கனத்திருந்தது. தள்ளிப்போய் ஜன்னலைத் திறந்தேன்.

"பிரபா, கைய ஏன் இப்பிடி சில்லுனு வச்சிருக்க?" கண்ணை மூடியபடியே கேட்டார்.

"நான் ஜன்னல்கிட்ட நிக்கறங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிளாஸ்திரி தரையில் கிடந்தது.

ஞாயிறு பத்து மணி. குழாய் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. சிரிஞ்சைப் பொருத்தி மெல்லத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அடைத்துவிட்டது என்று புரிந்தது. நிறுத்திவிட்டேன். இடது கையால் போனைத் தேடினேன். வலது கட்டைவிரல் சிரிஞ்சின் மேல் சும்மா இருந்தது.

அதன் மேல் குளிர்ச்சியாக ஒன்று வந்து அமர்ந்தது.

"பிரபா, தள்ளாத," என்றார் மெதுவாக.

"நான் தள்ளலீங்க."

சிரிஞ்சு இறங்கியது.

கையை இழுத்தேன். வரவில்லை.

விட்டு விட்டு இறங்கியது. தமிழ்நிலா காட்டியபடியே, நிதானமாக. கடைசி அரை மில்லி இருக்கும்போது கிளிப் தானாக மூடிக்கொண்டது.

டிக்.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தை அல்ல. மூச்சுக்காக வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை.

ரத்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். "பலமாத் தள்ளுனீங்களாம்மா?"

இல்லை என்றேன். தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டியில் தங்கை வீட்டோடு வந்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. இங்கே ஈர வாசனை இல்லை. எதுவும் தானாகத் திறந்து மூடுவதில்லை.

பத்து மணிக்கு மட்டும், கை மடியில் சும்மா கிடக்கும்போதே, என் வலது கட்டைவிரல் நகம் யாரோ மேலிருந்து அழுத்துவதுபோல வெளுக்கிறது. அரை நிமிடம் கழித்து மெல்லச் சிவக்கிறது.

இன்று காலையும் வெளுத்தது.