வாளியிலிருந்த கஞ்சி

கஞ்சி வாளி மூடி போட்டபடியே தொட்டி ஓரத்தில் இருந்தது. யசிந்தா திறந்து பார்த்தாள். விளிம்பு வரைக்கும் கஞ்சி, மேலே ஆடை கட்டி, ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. பக்கத்தில் புருஷன் ஜெயசுதனின் செருப்பு. காலையில் தொட்டிக்குச் சாப்பாடு கொடுக்க வந்த மனிசன், மத்தியானம் தாண்டியும் வீடு வந்து சேரவில்லை.

குருநகர்க் கரையில் நண்டும் இறாலும் கழுவி அனுப்புகிற சின்னக் கம்பனி அது. கழுவிய உப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் ஊர்க் கிணறெல்லாம் நாறிவிடும் என்று, பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகத் தொட்டி கட்டி, களப்புச் சேற்றுக் கிருமிகளைக் கொஞ்சங்கொஞ்சமாக உப்புக்குப் பழக்கி வளர்த்தார்கள். மீன் இரத்தமும் சளியுந்தான் அவற்றுக்குச் சாப்பாடு. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமையில் வள்ளங்கள் கடலுக்குப் போகாது, மீன் இரத்தமும் வராது. அந்த நாட்களில் கஞ்சி ஊற்றுவது புருஷன் பெண்சாதி இருவருக்கும் முறைவேலை. ஊற்றுமுன் ஜெயசுதன் ஏணிக் கம்பியில் மூன்று தரம் தட்டுவான்.

"பிள்ளையளைக் கூப்பிட வேண்டாமே?" என்று சிரிப்பான்.

புதனும் வியாழனும் யசிந்தாவின் முறை. கோயில் சோடனை வேலையில் நின்றவள் ஊற்றவேயில்லை. ஊற்றினேன் என்று அவனுக்குப் பொய்யும் சொல்லிவிட்டாள். பாவி, இரண்டு நாளாகத் தொட்டி பட்டினி.

தொட்டிக்குக் காற்று ஊதும் மெசின் இரைந்துகொண்டிருந்தது. மண்ணிற நுரை பொங்கிப் பொங்கி அடங்க, வழக்கமான சேற்று மணத்தோடு, புதிதாக அறுத்த இறைச்சியின் வெதுவெதுப்பான வாடையும் மூக்கில் ஏறியது. ஒட்சிசன் மீற்றரைப் பார்த்தாள். கோப்பாயில் இருக்கும் எஞ்சினியர் பிரகலாதனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, மீற்றர் அரையிலை நிக்குது."

"அப்ப நல்லாச் சாப்பிட்டிருக்கக்கா. திண்டால்தான் ஒட்சிசன் குறையும், பட்டினியெண்டால் அஞ்சுக்கு மேலை நிக்கும். கஞ்சி குடுத்தாச்சுத்தானே?"

"இல்லை. வாளி நிறைய அப்பிடியே கிடக்கு."



"அப்ப என்னத்தைத் திண்டது?"

போனைக் கீழே வைத்தாள். மெசினை நிறுத்தினால் அரை மணித்தியாலத்தில் சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளியும். காற்றில்லாமல் கிருமியும் செத்துப்போகும். செத்தால் சாகட்டும், கிணறு நாறினால் நாறட்டும், அவளுக்கு அவளுடைய மனிசன் வேண்டும். நிறுத்தினாள்.

இரைச்சல் நின்றது. நுரை கரைந்தது. பெரிய வெள்ளிக்கு மணி அடிப்பதில்லை. மூன்று மணி வழிபாட்டுக்குக் கோயிலில் மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது.

ஒரு முழம். இரண்டு முழம். ஏணியின் நாலாவது படி. ஐந்தாவது.

அடித்தரை வெறும் சீமெந்து. சேறு அங்கே படியவில்லை.

ஏணியடியில் ஜெயசுதனின் நீலச் சட்டை நின்றது. பொத்தான் எல்லாம் பூட்டியபடி. சாரமும் இடுப்பில் கட்டியபடி. உள்ளே முழுக்கச் சேறு. கழுத்துக்கு மேலேயும் சேறு, மண்ணிறமாக, உருண்டையாக, அவளை நிமிர்ந்து பார்த்தபடி.

"இஞ்சேருங்கோ..." என்றாள்.

வலக்கைச் சட்டை மெல்ல உயர்ந்தது. முனையில் விரல் இல்லை. கலியாண மோதிரம் மட்டும் சேற்றில் புதைந்து மின்னியது.

அது ஏணிக் கம்பியில் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.