பவளத்தை ஒட்டிய தண்ணீர்

தொட்டித் தண்ணீர் வழவழவென்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் அவள் குளியலறைத் தொட்டியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதற்குள் இப்படி. குவளையில் மொண்டு காலில் ஊற்றினால், முட்டையின் வெள்ளைக்கருவைக் கரைத்துவிட்டது மாதிரி ஒரு பிசுபிசுப்பு விரலிடுக்கில் தங்கியது. வாசனையும் சரியில்லை. சாக்கடை வாசனை இல்லை, பாசி வாசனையும் இல்லை. வெயிலே பட்டறியாத ஏதோ ஓர் ஆழத்தின் குளிர்ந்த வாசனை. அவளுக்கு அது பழக்கமானதுதான், வேலை செய்யும் இடத்தில் தினமும் முகர்வது. ஆனால் வீட்டில் அது இருக்கக் கூடாது.

கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் ஆய்வக உதவியாளர். ஆழ்கடலிலிருந்து வரும் தண்ணீரை வடிகட்டி, சாயம் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. அந்தத் தண்ணீரை எடுத்துவரும் கப்பலில் அவள் கணவன் வின்ச் எனும் கம்பி சுற்றும் இயந்திரத்தை ஓட்டுகிறான். அவன் இறக்கிவிடும் கம்பியில்தான் பாட்டில்கள் இருட்டுக்குள் போய், பவளப் பாறைகளை ஒட்டித் தண்ணீரை வாங்கி வாயை மூடிக்கொண்டு மேலே வரும். “நான் மொண்டு தர்றேன், நீ பூதக்கண்ணாடி வச்சுப் பாரு. நம்ம குடும்பத் தொழில் இது” என்று கேலி பேசுவான்.

போன பயணத்தில் ஒரு பாட்டில் கம்பியில் சிக்கி உடைந்து அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் காயத்தில் வழிந்தது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். காயம் சீக்கிரமே ஆறியது. ஆறின இடம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, தொட்டால் சொரசொரத்தது. டாக்டர் அலர்ஜி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்.

பிறகுதான் அவன் குளியலறையே கதியென்று ஆனான்.

“என்னங்க, இன்னுமா குளிக்கிறீங்க?”

“உடம்பெல்லாம் எரியுதும்மா. தண்ணிக்குள்ள இருந்தாத்தான் கொஞ்சம் அடங்குது.”

தொட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்வான். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது மட்டும் தவறவில்லை. வாண்டு என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்த ஆறு வயதுப் பெண்ணின் நிஜப்பெயர் வீட்டில் யாருக்கும் வாயில் வருவதில்லை. நேற்றுப் படுக்கையில் அவன் திரும்பிப் படுத்திருக்க, அவள் பழைய வழக்கமாக முதுகில் காதை வைத்துப் படுத்தாள். பனியன் சில்லென்றிருந்தது. இதயத்துடிப்புக்கு அடியில் வேறொரு சத்தம். காய்ந்த இலைமேல் தூறல் விழுவது போல, மிக மெல்லிய, ஓயாத படபடப்பு. தலையைத் தூக்கிக்கொண்டாள். அவன் அசையவில்லை. தூங்கவும் இல்லை.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது தொட்டித் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆய்வகம் காலியாக இருந்தபோது அதை வடிகட்டி, சாயம் ஏற்றி, லென்ஸுக்கு அடியில் வைத்தாள். குழாய்த் தண்ணீரில் எப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஏதாவது தெரியும். இதில் கறுப்புப் பின்னணியே தெரியாமல் பச்சைப் பொட்டுகள் மொய்த்துக் கிடந்தன. உருண்டை, குச்சி, சுருள். ஒவ்வொரு வடிவமும் அவளுக்கு முகம் தெரிந்த ஆள் மாதிரி பழக்கமானது.

பின்னால் வந்து நின்ற விஞ்ஞானி மேடம் குனிந்து பார்த்தார். “அடேயப்பா! நல்ல சாம்பிளா இருக்கே. எந்தப் பவளம்மா?”

“எப்படி மேடம் பவளம்னு சொல்றீங்க?”

“என்னம்மா, புதுசா கேக்கற? பத்தடி தள்ளி மொண்டா இந்தக் கூட்டம் இருக்காதே. பவளத்து உடம்புல இருந்து வழியற கோழையைத் திங்கத்தானே இதெல்லாம் வந்து கூடுது. பாறை செத்துப்போச்சுன்னா இதுவும் கலைஞ்சுடும்.” மேடம் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை. “இந்தப் பவளம் உசிரோட இருக்கு. நல்லா வளந்துக்கிட்டிருக்கு.”

அவள் எல்லாவற்றையும் அப்படியே விட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். பள்ளி விட்டிருக்கும். இருவரும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. டிவி ஓடவில்லை. வாண்டு இருக்கும் வீட்டில் இவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. அந்த ஆழத்து வாசனை ஹால் வரைக்கும் வந்திருந்தது. சுவரில், திரைச்சீலையில், மூச்சு இழுத்தால் தொண்டைக்குள்ளும்.

குளியலறை வாசலில் குட்டி ஷூ. பக்கத்தில் சுருட்டிப் போட்ட சாக்ஸ்.

“என்னங்க...”

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுக் கதவைத் தள்ளினாள். டியூப்லைட் மங்கலாக மினுக்கியது.

அவன் தொட்டிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முதுகு பூத்திருந்தது. கழுத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை குண்டூசித் தலை அளவில் துளைகள், துளைதோறும் வெள்ளை இழைகள் விரிந்து, காற்றில்லாத அறையில் ஒன்றாக அசைந்துகொண்டிருந்தன.

விளக்கு முழுதாக எரிந்தது.

எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போயின.

“அம்மா, லைட்ட போடாத.” வாண்டுவின் குரல். அவன் தோளுக்கு அப்பால், கழுத்தளவு தண்ணீரில் குழந்தையின் முகம். “மூடிக்குது பாரு. அப்பாவுக்கு வலிக்கும்.”

தாவிப் போய்க் குழந்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. அவன் கை குழந்தையின் தோளைச் சுற்றியிருந்தது. எங்கே அவன் முடிகிறான் என்று தெரியவில்லை. வெள்ளையாக, சொரசொரப்பாக, ஒரே தோல்.

“வலிக்குதும்மா! இழுக்காத!”

இழுத்தாள். ஏதோ விரிசல் விடும் சத்தம். தண்ணீரில் சிவப்பாக ஓர் இழை. குழந்தை வீறிட்டது.

விட்டுவிட்டாள்.

“என்னங்க, புள்ளைய விடுங்க. உங்க கால்ல விழறேன். விட்டுடுங்க.”

அவன் மெல்ல முகத்தைத் திருப்பினான். முகம் மட்டும் இன்னும் அவனுடையதாகவே இருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடு பிரிய நேரமாயிற்று.

“நான்... அவளப் புடிச்சிருக்கலம்மா.”

ஹாலில் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. மேடமாக இருக்கும். அடித்து ஓய்ந்தது.

“லைட்ட அணைம்மா,” குழந்தை விசும்பியது. “அணைச்சா வலிக்காது.”

அவள் எழுந்தாள். வாசல்வரை போனாள். போனை எடுக்கலாம். தெருவுக்கு ஓடலாம்.

“அம்மா... வலிக்குது.”

சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

இருட்டில், தொட்டிப் பக்கமிருந்து, ஈர இதழ்கள் பிரிவது போல ஒரு சத்தம். பின் பல. பின் எண்ணற்றவை. விசும்பல் நின்றது.

தட்டுத் தடுமாறி மண்டியிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடினாள். சின்ன விரல்கள் வந்து அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன. சில்லென்றிருந்தன. அவற்றின் நுனியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, வேறு எதுவோ விரிந்து அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. இதமாக. பசியோடு.

அவள் கையை எடுக்கவில்லை.